அம்மாவின் ஊசியை நிறுத்திவிட்டுப் புது மருந்துக்குக் காத்திருக்கலாமா?

பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர், தோட்டம் போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 57. செம்பனைத் தோட்டத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் முதுகில் தோம்பு சுமந்து பூச்சி, களைக்கொல்லி மருந்து அடித்தவர். பிறகு குத்தகையாளர் ஒருவரிடம் பள்ளித் துப்புரவு வேலை. சென்ற ஆண்டு பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வர ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஈப்போவில் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்து, மஜ்ஜையில் இரத்தச் செல்கள் சரியாக முதிராத நோயான மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம், சுருக்கமாக எம்டிஎஸ், அதிலும் ஆபத்துக் கூடிய வகை என்று சொல்லியிருக்கிறார்கள். முதிராத செல்கள் 12 விழுக்காடு.

மாதம் 7 நாள் அசாசைட்டிடின் ஊசி. இரண்டு சுற்று முடிந்துவிட்டது. ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன. இரண்டு முறை இரத்தம் ஏற்றியாயிற்று. வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் சிவந்து தடித்துக் கிடக்கிறது. “போதும்மா, என்ன விட்டுடு” என்கிறாராம் அம்மா. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பியோ, “இது 60 வருஷத்துப் பழைய விஷம். இப்போது குறிப்பிட்ட ஒரு என்சைமை மட்டும் தடுக்கும் புது மருந்துகள் வந்துவிட்டன. ஊசியை நிறுத்துங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன்” என்கிறார். அவர் குறிப்பிட்ட மருந்து டாசெமெட்டோஸ்டாட். இடையில் தெரிந்த அக்கா ஒருவர், புற்றுநோய் மரபணுவை ‘ஆஃப்’ செய்யும் என்று சொல்லி மஞ்சளில் செய்த கேப்சூலை ஒரு புட்டி 480 வெள்ளிக்கு விற்கப் பார்க்கிறார். அம்மா அடித்த மருந்துதான் இதற்குக் காரணமா, இந்த நோய் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் டாக்டரிடம் பேசாமல் மூன்றாவது சுற்றைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் தம்பி சொல்வதில் அறிவியல் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை உங்கள் அம்மாவின் நோய்க்குப் பொருந்தவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பியிடமும் இதைக் காட்டுங்கள்.

இரண்டு சுற்று போதாது

இந்த ஊசி வேலை செய்யும் விதமே வேறு. வழக்கமான கீமோ செல்லை நேராகக் கொல்லப் பார்க்கும். அசாசைட்டிடின் குறைந்த அளவில் கொடுக்கும்போது செல்லின் நடத்தையை மாற்றப் பார்க்கிறது. நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் அதே டிஎன்ஏதான். எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை அதன் மேலுள்ள சில இரசாயன அடையாளங்கள்தான் தீர்மானிக்கின்றன. மறுநடவுக்கு முன்னால் தோட்டத்தில் சாய்க்க வேண்டிய மரங்களுக்குச் சாயம் பூசி வைப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. மரம் மாறுவதில்லை, சாயத்தைப் பார்த்துத்தான் வேலை நடக்கிறது. எபிஜெனிடிக் என்பது இந்தச் சாயத்தைப் பற்றிய பேச்சு. எம்டிஎஸ்ஸில் தப்பான இடங்களில் மெத்தில் என்ற அடையாளம் அதிகமாகப் படிந்து, செல்லை முதிரச் செய்ய வேண்டிய மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. அந்த அடையாளத்தை ஒட்டும் என்சைம்களை அசாசைட்டிடின் சிக்கவைத்து முடக்குகிறது. அதன் பிறகு செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அடையாளம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். அதனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

இந்த மருந்தின் அதிகாரப்பூர்வக் குறிப்பிலேயே குறைந்தது 4 முதல் 6 சுற்று கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பலன் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அதன் முதல் அறிகுறி ஆறாவது சுற்றுக்குள் தெரிந்தது. முதல் இரண்டு சுற்றில் தட்டணு இறங்குவது எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. மருந்து தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பயமாக இருக்கும், தெரியும். இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கஷ்டத்தை மட்டும் பட்டுவிட்டுப் பலனைப் பார்க்காமல் போவதாகிவிடும்.

எண்ணிக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-இல் வெளியான ஆய்வில், ஆபத்துக் கூடிய எம்டிஎஸ் உள்ள 358 பேர் இருந்தார்கள். அசாசைட்டிடின் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 24.5 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 15 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 51 விழுக்காடு, மற்ற பிரிவில் 26 விழுக்காடு. இது நோயை அடியோடு போக்கும் மருந்து அல்ல. ஆனால் அம்மாவுக்குக் காலம் சேர்த்துக் கொடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து.

வயிற்றுச் சிவப்புக்கு வழி உண்டு. தொடை, கையின் மேற்பகுதி, வயிறு என்று இடத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள். பழைய இடத்திலிருந்து குறைந்தது ஒரு அங்குலம் தள்ளிப் போட வேண்டும், சிவந்து வலிக்கும் இடத்தில் திரும்பப் போடக்கூடாது. ஒரு நோட்டில் வயிற்றின் படம் வரைந்து, போட்ட இடத்தில் தேதி எழுதி வையுங்கள், தாதியருக்கும் உதவியாக இருக்கும். வார இறுதியில் ஈப்போ போய்வருவது சிரமம் என்றால், 5 நாள் போட்டு, சனி ஞாயிறு விட்டு, அடுத்த 2 நாள் போடும் முறை பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. உடல் சூடு 38 பாகை வந்தால் பெனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் பரவிவிடும்.

தம்பி சொல்லும் மருந்து

தம்பி சொல்வது போல இந்த மருந்து பழையதுதான். 1964-இல் பிராக் நகரில் தயாரிக்கப்பட்டது. முதலில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், தாங்க முடியாத மருந்தாக இருந்தது. 1980-இல் பீட்டர் ஜோன்ஸ், ஷர்லி டெய்லர் இருவரும் இது மெத்தில் அடையாளத்தைக் கரைக்கிறது என்று காட்டினார்கள். பிறகு அளவைக் குறைத்து, சுற்றுச் சுற்றாகக் கொடுத்தபோதுதான் அதன் நல்ல குணம் வெளிப்பட்டது. அமெரிக்காவில் எம்டிஎஸ்ஸுக்கு அனுமதி கிடைத்தது 2004-இல். பழையது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். எப்படிக் கையாள வேண்டும் என்று கற்றுக்கொள்ளவே நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

‘குறிப்பிட்ட என்சைமை மட்டும் தடுப்பது’ என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த என்சைம்கள் எல்லாம் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்திலிருந்து அசிட்டைல் என்ற இன்னொரு அடையாளத்தை நீக்கும் எச்டிஏசி என்சைம்களில் மட்டும், துத்தநாகத்தை வைத்து வேலை செய்பவை 11. அவை வேலை செய்யும் இடம் ஒரு குழி மாதிரி, அந்தக் குழிக்குள் ஆழத்தில் ஒரே மாதிரி துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது. 2006-இல் அனுமதி பெற்ற வோரினோஸ்டாட் அந்தத் துத்தநாகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. துத்தநாகம் எல்லாவற்றிலும் இருப்பதால் அது ஒன்றை மட்டும் தடுக்காமல் பலவற்றைத் தடுக்கிறது. களைப்பு, வயிற்றுப்போக்கு, தட்டணுக் குறைவு என்று பக்கவிளைவும் வருகிறது. தோலில் வரும் ஒரு வகை லிம்ஃபோமாவுக்கு (நிணநீர்ப் புற்றுக்கு) அது உதவியது, அதற்கு வெளியே அவ்வளவாக இல்லை.

மருந்து வேதியியலாளர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என்சைமைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அணு அணுவாக அதன் வடிவத்தைப் பார்க்கிறார்கள். அடியிலிருக்கும் துத்தநாகம் எல்லோருக்கும் பொது. ஆனால் குழியின் வாய் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறு. எச்டிஏசி-6இன் வாய் அகலம், அதனால் பருத்த தலையுள்ள மூலக்கூறு அதில் உட்காரும், மற்றவற்றில் மாட்டாது. எச்டிஏசி 1, 2, 3 மூன்றிலும் அடியில் பக்கவாட்டாக ஒரு சின்னப் பொந்து இருக்கிறது. அதற்குள் நீளும் கால் ஒன்றை மூலக்கூறில் வைத்தால் அந்த மூன்றை மட்டும் குறிவைக்கலாம். மெத்தில் ஒட்டும் என்சைம்களிலும் இதே தலைவலி. அவை எல்லாம் ‘சாம்’ என்ற ஒரே மூலப்பொருளிலிருந்துதான் மெத்திலை எடுக்கின்றன. ஆகவே அந்த இடத்தைக் குறிவைத்துக்கொண்டே, வேறெதையும் தொடாத மூலக்கூறைச் செய்ய வேண்டும்.

செய்து முடித்ததும் அதே குடும்பத்து என்சைம்கள் அத்தனையோடும் சோதிக்கிறார்கள். நல்ல ஆய்வுக் கருவி என்று ஒத்துக்கொள்ள, உறவுக்கார என்சைம்களைவிடக் குறைந்தது 30 மடங்கு வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அப்புறம் உயிருள்ள செல்லில் அந்த அடையாளம் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட அதே உருவம், ஆனால் வேலை செய்யாத இரட்டை மூலக்கூறு ஒன்றையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். பலன் இரண்டிலும் வந்தால் அது என்சைமைத் தடுத்ததால் வந்த பலன் அல்ல. இத்தனையும் மனிதனுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால். அசாசைட்டிடின் டிஎன்ஏவில் மெத்தில் ஒட்டும் மூன்று என்சைம்களையும் பிடிக்கிறது. அதில் டிஎன்எம்டி-1 ஒன்றை மட்டும் தடுக்கும் மூலக்கூறு 2021-இல் வெளியான ஆய்வில் எலிகளிடம் நன்றாக வேலை செய்தது, அவை அதைத் தாங்கவும் செய்தன. அருமையான வேலை. ஆனால் எலியிலிருந்து ஈப்போ வார்டுக்கு வரும் பாதை நீளமானது.

இப்போது டாசெமெட்டோஸ்டாட்டுக்கு வருகிறேன். அது ஈஇசட்எச்-2 என்ற என்சைமைத் துல்லியமாகத் தடுக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் எபிதீலியாய்டு சார்க்கோமா என்ற அரிய கட்டிக்கும், பிறகு ஃபாலிகுலர் லிம்ஃபோமாவுக்கும் அனுமதி பெற்றது. அந்த லிம்ஃபோமா உள்ள சிலரில் மரபணு மாற்றத்தால் ஈஇசட்எச்-2 மிதமிஞ்சி வேலை செய்கிறது. அதைத் தடுத்தால் நன்மை. அந்த மாற்றம் உள்ளவர்களில் 69 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது.

எம்டிஎஸ்ஸில் கதை தலைகீழ். ஈஇசட்எச்-2 மரபணுவில் கோளாறு ஏற்படும் எம்டிஎஸ் நோயாளிகளிடம் அந்த என்சைம் வேலை செய்யாமல் போகிறது. அப்படிப் போவது நோயைக் கடுமையாக்கும் அறிகுறி. ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடிய ஒன்றை மேலும் தடுப்பதில் என்ன நியாயம்? அது மட்டுமல்ல. டாசெமெட்டோஸ்டாட் எடுத்தவர்கள் சிலருக்குப் புதிதாக எம்டிஎஸ்ஸும் இரத்தப் புற்றும் வந்ததால், மருந்தின் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கையைப் போட்டிருந்தார்கள். தம்பி அன்பினால்தான் தேடினார். ஆனால் ஒரு மருந்து ஒரே என்சைமைத் தடுக்கிறது என்பது மூலக்கூறைப் பற்றிய செய்தி. அந்த என்சைம்தான் அம்மாவின் நோயை ஓட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் அம்மாவின் எலும்பு மஜ்ஜையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். அசாசைட்டிடினோடு வோரினோஸ்டாட்டைச் சேர்த்து, இரண்டு பக்கமும் தாக்கினால் என்ன என்று 277 பேர் கலந்துகொண்ட ஓர் ஆய்வில் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. பலன் கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. மக்ரோலிமாப் என்ற புது மருந்தைச் சேர்த்த பெரிய ஆய்வு 2023-இல் நிறுத்தப்பட்டது. வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரையைச் சேர்த்த ஆய்விலும் ஆயுள் நீளவில்லை என்று 2025-இல் அறிவித்தார்கள். தம்பி பழைய விஷம் என்று சொல்லும் இந்த ஊசியை ஜெயிக்கப் புதியவை பல முயன்று தோற்றிருக்கின்றன.

தம்பியின் அக்கறையைச் சரியான பக்கம் திருப்ப

அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, மஜ்ஜை மாதிரியில் மரபணுப் பரிசோதனை செய்தார்களா, ஐடிஎச்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா? இது சிலருக்கு மட்டுமே இருக்கும். அந்த மாற்றத்தால் உருவாகும் ஒரு பொருள் மெத்தில் அடையாளத்தை நீக்கும் என்சைமை அடைத்துவிடுகிறது. இதற்கென்றே உள்ள ஐவோசிடெனிப் என்ற மாத்திரைக்கு, முந்தைய சிகிச்சை பலிக்காத அல்லது நோய் திரும்பிய எம்டிஎஸ்ஸில் 2023-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தம்பி தேடும் மாதிரி மருந்துக்கு உண்மையான உதாரணம் இதுதான், இருந்தாலும் அது அடுத்த கட்டத்துக்குரியது.

இரண்டாவதுதான் மிக முக்கியம்: எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. எம்டிஎஸ்ஸை முழுதாகக் குணப்படுத்தக்கூடிய வழி இன்றைக்கு இது ஒன்றுதான். ஆபத்தும் உண்டு, எல்லோர் உடம்பும் தாங்காது. ஆனால் 57 வயது அதற்குத் தடையான வயது அல்ல. நம் நாட்டில் இரத்த நோய்களுக்கான தேசியப் பரிந்துரை மையம் அம்பாங் மருத்துவமனை. அங்கே கருத்துக் கேட்க அனுப்ப முடியுமா என்று இப்போதே கேளுங்கள், ஆறு சுற்று முடியட்டும் என்று இருக்க வேண்டாம். அம்மாவின் உடன்பிறப்புகளின் திசுப் பொருத்தத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகளான நீங்களும் தம்பியும் பாதிப் பொருத்தம் உள்ளவர்கள், அதுவும் இப்போது பயன்படுகிறது. தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்து இரத்தம் கொடுத்தாலே பெரிய உதவி.

மூன்று, பொருத்தமான மருத்துவ ஆய்வு ஏதும் நாட்டில் நடக்கிறதா? “எலி மாதிரி சோதிப்பார்கள்” என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் வேண்டாம். சுகாதார அமைச்சு மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுக்கு அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. எல்லாவற்றையும் விளக்கிய பிறகுதான் கையெழுத்துக் கேட்க வேண்டும். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை கிடைக்காமல் போகாது. ஆய்வில் சேரப் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

தம்பி வெளிநாட்டிலிருந்து மாத்திரை வாங்கி அனுப்பி, டாக்டருக்குத் தெரியாமல் அம்மாவுக்குக் கொடுப்பது மட்டும் நடக்கவே கூடாது. அது எந்த மாத்திரையாக இருந்தாலும் சரி.

480 வெள்ளி கேப்சூல்

வாங்காதீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடச் சோதனைகளில் எதில் போட்டாலும் வேலை செய்வது போலத் தெரியும். பல சோதனைகளைக் குழப்பிவிடும் தன்மை அதற்கு உண்டு. மேலே சொன்ன 30 மடங்கு அளவுகோலுக்கு நேர் எதிர். உடம்பில் நிற்பதும் இல்லை. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் இதை விரிவாக அலசி, ஒழுங்காக ஒப்பிட்டு நடத்திய இரட்டை மறைவு ஆய்வு (யாருக்கு எது கொடுத்தார்கள் என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாத ஆய்வு) எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. அம்மாவின் ரசத்திலும் குழம்பிலும் மஞ்சள் இருக்கட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

புட்டியில் மால் எண், அதாவது அரசாங்கப் பதிவு எண், இருக்கிறதே என்பார்கள். அதில் இலக்கங்களை அடுத்து வரும் முதல் எழுத்தைப் பாருங்கள். ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் சத்துப்பொருள். அந்தப் பதிவு தரத்தையும் பாதுகாப்பையும் பற்றியது, புற்றுநோயைக் குணமாக்கும் என்ற நிரூபணம் அல்ல. புற்றுநோய்க்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அந்த அக்காவிடம் சண்டை வேண்டாம், அவரும் யாரையோ நம்பித்தான் விற்கிறார். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிடுங்கள், பழியை நான் ஏற்கிறேன். அந்தப் பணம் ஈப்போ போய்வரும் செலவுக்கு ஆகட்டும். அதுவும் போதாவிட்டால் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பாருங்கள். மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கவும் அங்கேதான் உதவுவார்கள்.

அம்மா அடித்த மருந்து

இந்தக் கேள்வியைப் படித்தபோது மனம் கனத்தது. தோட்டப் பெண்கள் பல ஆண்டுகள் ஒழுகும் தோம்போடு, சரியான கையுறை இல்லாமல் மருந்து அடித்தார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இந்த நாட்டில் முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. பூச்சி, களைக்கொல்லிகளோடு வேலை செய்தவர்களிடம் எம்டிஎஸ் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. பென்சீன், முந்தைய கீமோ, கதிர்வீச்சு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கான ஆதாரம் இன்னும் வலுவானது. ஆனால் ஒரு தனி நபரைப் பார்த்து, உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. அம்மா தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். குடும்பத்துக்குச் சோறு போட்ட வேலை அது. பாதுகாப்பு தர வேண்டியது முதலாளியின் கடமையாக இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேலை வரலாற்றை, எந்த ஆண்டு எந்தத் தோட்டம், எந்த மருந்து என்று நினைவுள்ளவரை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். தொழில்சார் நோய் என்று நிறுவுவது கடினம். ஆனால் அதைவிடக் கைக்கெட்டும் உரிமை ஒன்று இருக்கிறது. துப்புரவு வேலையில் பெர்க்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்திருந்தால், வேலை செய்ய முடியாத நிலைக்கான இலாட் ஓய்வூதியத்துக்கு அம்மா விண்ணப்பிக்கலாம். 60 வயதுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், சந்தா மாதங்களுக்கும் நிபந்தனை உண்டு. சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு பெர்க்கேசோ அலுவலகத்துக்கு இந்த மாதமே போய் வாருங்கள்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமா என்ற கேள்விக்கு: பெரும்பாலான எம்டிஎஸ் பரம்பரையாக வருவதில்லை. அந்த மாற்றங்கள் அம்மாவின் மஜ்ஜைச் செல்களில் வாழ்நாளில் ஏற்பட்டவை. அம்மா மருந்து அடித்ததால் உங்கள் இரத்தத்துக்கு இது வந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம். சில குடும்பங்களில் மட்டும் பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு இருக்கும். தாய்வழிச் சொந்தத்தில் யாருக்காவது இரத்தப் புற்று, நெடுநாள் தட்டணுக் குறைவு, இளம் வயதிலேயே காரணம் தெரியாத இரத்தசோகை இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மஜ்ஜை கொடுக்க உங்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் அவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.